காப்புரிமை மிரட்டல் நோட்டீஸ் வந்தால்: பணம் கட்டுவதா, வழக்காடுவதா, காப்புரிமையையே உடைப்பதா?

கோவையிலோ சென்னையிலோ முப்பது பேரோடு நடக்கும் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில். ஒரு நாள், பெயரே கேள்விப்படாத ஓர் எல்.எல்.சி. (அமெரிக்காவின் ஒரு தனியார் நிறுவன வகை) கம்பெனியின் சார்பில் டெக்சாஸிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. உங்கள் தயாரிப்பு எங்கள் கட்சிக்காரரின் காப்புரிமையை மீறுகிறது, இத்தனை டாலர் கொடுத்து லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்கிறது அது. கூடவே ஓர் அட்டவணை. இடது பக்கம் காப்புரிமையின் வாசகம் துண்டு துண்டாக. வலது பக்கம் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே உங்கள் வலைத்தளத்திலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்.

இதைப் படித்ததும் நிறுவனர் கேட்கும் முதல் கேள்வி, "நாம உண்மையிலேயே மீறியிருக்கோமா?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் நோட்டீஸில் போட்டிருக்கும் தொகைக்கும் இந்தக் கேள்விக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அந்தத் தொகை உங்கள் வழக்குச் செலவை வைத்துப் போடப்பட்டது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கு ஜூரி வரை போனால் செலவு மில்லியன் டாலர் கணக்கில் ஆகும். ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடுவதற்குக்கூடப் பல்லாயிரம் டாலர் போய்விடும். அந்தச் செலவைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகையைக் கேட்டால், கொடுத்துவிட்டுப் போவதே லாபம் என்று உங்கள் ஆடிட்டரே சொல்வார். இந்தத் தொழில் முழுக்க அந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

ஆகவே கீழே வரும் வழிகளை ஒப்பிடும்போது நான் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: எந்த வழி உங்கள் செலவைக் குறைக்கிறது, எந்த வழி எதிராளி இழக்கக்கூடியதைக் கூட்டுகிறது? இரண்டில் ஒன்று நடந்தாலும் கேட்ட தொகை இறங்கும். சில நேரம் நோட்டீஸே காணாமல் போகும்.

முதலில், அனுப்பியது யார்?

பணமா கோர்ட்டா என்று யோசிக்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில், ஒவ்வொரு காப்புரிமையும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற பதிவு உண்டு. வீடு வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போல இதையும் பார்த்துவிட வேண்டும். எண்ணைத் தட்டினால் இலவசமாகவே கிடைக்கும். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீது 2017-இல் வழக்குப் போட்ட பிளாக்பேர்ட் டெக்னாலஜிஸ், அந்தக் காப்புரிமையை வாங்கிய பத்திரத்தில் காட்டியிருந்த விலை 1 டாலரும் இன்ன பிற பிரதிபலனும். அப்படி ஒரு வரியைப் பார்த்த பிறகு, வந்திருப்பது எந்த மாதிரி ஆள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

டெலவேர் மாநிலத்தில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது இதைவிடத் தெளிவானது. அங்கே நீதிபதி கோல்ம் கானலி 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டார்: வழக்குப் போடும் எல்.எல்.சி.களின் உண்மையான உரிமையாளர் யார், வழக்குக்குப் பின்னால் இருந்து பணம் போடுவது யார் என்று தாக்கல் செய்ய வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் சில உரிமையாளர்களை நேரில் வரவழைத்துக் கேட்டபோது, அவர்களில் ஒருவர் உணவு வண்டி நடத்துபவர் என்று தெரியவந்தது. காப்புரிமைக்கு அவர் கையிலிருந்து காசு போகவில்லை. வசூலில் ஒரு சிறு பங்கு அவருக்கு. வழக்கை நடத்தியது வேறு ஆட்கள். நம்மூர் பாஷையில் லெட்டர்பேடு கம்பெனி.

எந்தப் பொருளும் தயாரிக்காமல், காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பியே பிழைக்கும் இந்த நிறுவனங்களை அமெரிக்காவில் பேட்டன்ட் ட்ரோல் என்கிறார்கள். ஆனால் இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காப்புரிமையை மூட்டை கட்டி விற்கும் சந்தையை உருவாக்கியவர்கள் பெரிய நிறுவனங்கள். கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெல் திவாலானபோது 2011-இல் அதன் சுமார் 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தன. கூகுள் 90 கோடி டாலரில் ஆரம்பித்தது. ஏலம் சூடுபிடித்ததும் பை என்ற கணித மாறிலியை வைத்து 314 கோடி டாலர் வரை கேட்டது. கடைசியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன், பிளாக்பெரி நிறுவனம் எல்லாம் சேர்ந்த கூட்டணி 450 கோடி டாலருக்கு எடுத்தது. அந்தக் கூட்டணியின் பிள்ளையான ராக்ஸ்டார் என்ற கம்பெனி 2013-இல் கூகுள் மீதும் ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்கள் மீதும் கிழக்கு டெக்சாஸில் வழக்குப் போட்டது. நார்டெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர்கள் தொலைத்தொடர்பை மேம்படுத்த எழுதிய ஆவணங்கள், அவர்கள் பார்த்தே இராத ஒரு சண்டையில் தோட்டாவாகப் போயின. எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான வருத்தம் இங்கேதான்.

சரி, பதிவைப் பார்த்துவிட்டீர்கள். அனுப்பியது உங்களைப் போலவே பொருள் விற்கும் ஒரு போட்டியாளர் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அவருக்குச் சந்தைதான் குறி, லைசென்ஸ் தொகை இரண்டாம்பட்சம். உடனே ஒரு நல்ல அமெரிக்க வக்கீலைப் பிடிப்பதுதான் வழி. அனுப்பியது லெட்டர்பேடு கம்பெனி என்றால் மேலே படியுங்கள்.

பதில் போடாமல் இருப்பது

பலர் இதைத்தான் செய்கிறார்கள். மொத்தமாக ஆயிரக்கணக்கில் அனுப்பப்படும் நோட்டீஸ்களில் பெரும்பாலானவை வழக்காக மாறுவதில்லை என்பது உண்மையே. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் அலுவலக வேலைக்கே காப்புரிமை உண்டு என்று சொல்லிக் கிளம்பிய எம்.பி.எச்.ஜே. என்ற நிறுவனம், 16,000-க்கும் மேற்பட்ட சிறு தொழில்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஓர் ஊழியருக்குச் சுமார் 1,000 டாலர் என்று கணக்குப் போட்டுக் கேட்டது. பணம் கட்டாவிட்டால் வழக்கு நிச்சயம் என்று மிரட்டியதே தவிர, அப்படி வழக்குப் போடும் ஏற்பாடு எதையும் செய்திருக்கவில்லை. வெர்மான்ட் மாநிலம் 2013-இல் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. 2014-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் அதைக் கட்டுப்படுத்தியது.

ஆனாலும் மௌனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பு போய்விடுகிறது. தெரிந்தே மீறினார் என்று ஜூரி முடிவு செய்தால் நீதிபதி நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். "நாங்கள் இந்தியாவில் இருக்கிறோம், அமெரிக்கத் தீர்ப்பை வைத்து இங்கே என்ன செய்வார்கள்" என்று ஒரு தைரியப் பேச்சும் உண்டு. அமெரிக்கத் தீர்ப்பை இந்திய நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றிக்கொள்ள முடியாது, புதிதாக வழக்குப் போட வேண்டும் என்பது சரிதான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார். அமெரிக்கச் சட்டப்படி பயன்படுத்துபவரும் மீறியவரே. அவருக்கு ஒரு நோட்டீஸ் போனால், ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்ட இழப்பீட்டுப் பிரிவை எடுத்துக் காட்டுவார். அதோடு வாடிக்கையாளரும் போவார், பணமும் போகும்.

பணம் கட்டுவது

இதன் நியாயத்தை மறுக்க முடியாது. சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனம், பத்தாயிரம் டாலரில் தீரும் தலைவலிக்குப் பத்து லட்சம் டாலர் செலவழிக்க முடியாது. கட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் விலை அந்தப் பத்தாயிரத்தோடு முடிவதில்லை. ஒருவர் கட்டினார் என்ற சேதி, அடுத்தவருக்குப் போகும் நோட்டீஸில் "பல நிறுவனங்கள் ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்துள்ளன" என்ற வரியாக மாறும். அமேசானே 2005-இல் சோவரைன் என்ற நிறுவனத்துக்கு 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இணையக் கடையில் பொருளைக் கூடையில் போட்டு வாங்கும் முறைக்கான காப்புரிமைகள் அவை. அமேசான் கொடுத்ததைக் காட்டி அடுத்தடுத்த கடைகளைப் பிடித்தார்கள். தவிர, உங்கள் பெயர் கட்டுகிறவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால், வேறு எல்.எல்.சி.யின் பெயரில் அடுத்த நோட்டீஸ் வருவதற்கும் வழி திறந்தாயிற்று.

கட்டுவதில் இன்னொரு ஆபத்து, பயத்தில் அவசரப்படுவது. பிளாக்பெரி தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 2006 மார்ச்சில் என்.டி.பி. என்ற காப்புரிமைக் கம்பெனிக்கு 61.25 கோடி டாலர் கொடுத்தது. அதே நேரத்தில் காப்புரிமை அலுவலகம் என்.டி.பி.யின் காப்புரிமைகளை மறுஆய்வு செய்து நிராகரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சேவையையே நிறுத்தச் சொல்லித் தடை வந்துவிடுமோ என்ற பயம் பணத்தை எடுத்துவைக்க வைத்தது. இரண்டரை மாதம் கழித்து, அதே ஆண்டு மே மாதம், ஈபே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை மீறப்பட்டால் தடை தானாக வந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. இன்றைக்குப் பொருள் தயாரிக்காத ஒருவர் தடை வாங்குவது மிகக் கடினம். ஆகவே நோட்டீஸில் "உங்கள் சேவையை நிறுத்தச் செய்வோம்" என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கோர்ட்டில் நின்று சண்டை போடுவது

சோவரைன் கதையின் மறுபாதி இங்கே வருகிறது. கணினிப் பொருள் விற்கும் நியூஎக் என்ற இணையக் கடை, ட்ரோல்களோடு சமரசம் கிடையாது என்று கொள்கையாகவே வைத்திருந்தது. 2010-இல் கிழக்கு டெக்சாஸ் ஜூரி அதற்கு எதிராக 25 லட்சம் டாலர் தீர்ப்புச் சொன்னது. நியூஎக் மேல்முறையீட்டுக்குப் போனது. 2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நியூஎக்கை மடக்கிய அந்தக் கூடைக் காப்புரிமை உரிமைக்கோரல்களே (எது தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வரையறுக்கும் வாசகங்களே) செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம் எளிமையானது. 1980களிலேயே காம்ப்யூசர்வ் மால் என்று ஒன்று இருந்தது. வீட்டுக் கணினியில் உட்கார்ந்து கடை கடையாகப் பார்த்து, பொருளைத் தேர்ந்து, ஆர்டர் போடலாம். இணையத்துக்கு மாற்றியது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்றது நீதிமன்றம். அமேசான் கொடுத்த 4 கோடி டாலர் திரும்பி வரவில்லை.

கேட்கவே நெஞ்சு நிமிரும் கதை. ஆனால் நியூஎக் பெரிய கடை. வருடக்கணக்காக வக்கீல்களுக்குக் கொடுக்க அதனிடம் பணம் இருந்தது. முப்பது பேர் நிறுவனத்துக்கு இது ஒத்துவராது. கோர்ட்டில் காப்புரிமை செல்லாது என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் கனமானது: சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லாத தெளிவான சாட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்திருக்கிறது. அலுவலகம் ஆராய்ந்து கொடுத்ததை ஜூரி லேசில் தள்ளாது.

எந்த ஊர்க் கோர்ட் என்பதும் இதில் பெரிய விஷயம். கிழக்கு டெக்சாஸில் மார்ஷல் என்று ஒரு சிற்றூர். 2015 வாக்கில் நாட்டின் மொத்தக் காப்புரிமை வழக்குகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்த மாவட்டத்தில்தான் பதிவாயின. சாம்சங் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே பனிச்சறுக்குத் திடலுக்கு நன்கொடை கொடுத்தது. நாளைக்கு ஜூரியில் உட்காரப் போகிறவர்கள் அந்த ஊர் மக்கள்தானே. 2017-இல் டி.சி. ஹார்ட்லேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மீது, அது பதிவாகியிருக்கும் மாநிலத்திலோ, அது மீறியதாகச் சொல்லப்படும் செயலும் அதன் நிரந்தரத் தொழிலிடமும் சேர்ந்து இருக்கும் மாவட்டத்திலோதான் வழக்குப் போடலாம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த வரியை. இந்தப் பாதுகாப்பு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. அமெரிக்காவுக்கு விற்பது உங்கள் இந்தியப் பிரைவேட் லிமிடெட் என்றால், அமெரிக்காவின் எந்த மாவட்டத்திலும் உங்கள் மீது வழக்குப் போடலாம். டெலவேரில் ஒரு துணை நிறுவனம் வைத்து அதன் வழியாக விற்றால் நிலைமை கொஞ்சம் மேல். வரிக்காகவும் முதலீட்டுக்காகவும் அந்தத் துணை நிறுவனத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லி நான் யாரும் பேசிக் கேட்டதில்லை.

காப்புரிமையையே உடைப்பது

எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி இதுதான். 2011-இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, 2012 செப்டம்பரிலிருந்து இன்டர் பார்ட்டெஸ் ரிவ்யூ என்ற மறுஆய்வு நடைமுறை இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு வாரியத்தின் முன் சென்று, "இது புதியது இல்லை, முன்பே அச்சில் வந்திருக்கிறது" என்று காட்டலாம். கேட்பவர்கள் தொழில்நுட்பம் தெரிந்த நீதிபதிகள், ஜூரி கிடையாது. சான்றின் சுமையும் கோர்ட்டைவிட லேசு. வாரியம் எடுத்துக்கொண்டால் ஓராண்டுக்குள் தீர்ப்பு வந்துவிட வேண்டும்.

கோர்ட்டையும் வாரியத்தையும் ஒப்பிட, பெர்சனல் ஆடியோ என்ற கம்பெனியின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு காலத்தில் பத்திரிகைக் கட்டுரைகளை ஒலிநாடாவில் பதிந்து விற்ற நிறுவனம் அது. தொடர் நிகழ்ச்சிகளை இணையம் வழியாக வரிசையாகத் தருவது தன் கண்டுபிடிப்பு என்று 2012-இல் ஒரு காப்புரிமை வாங்கி, பாட்காஸ்ட் நடத்துபவர்கள் மீதெல்லாம் பாய்ந்தது. ஒரே காப்புரிமையை மூன்று பேர் மூன்று விதமாகச் சந்தித்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஆடம் கரோலா ரசிகர்களிடம் நிதி திரட்டிக் கோர்ட்டில் நின்றார், சுமார் 4.75 லட்சம் டாலர் சேர்ந்தது. பாட்காஸ்டில் பெரிய வருமானம் இல்லை என்று தெரிந்ததும் எதிராளியே வழக்கைக் கைவிடப் பார்த்தார். 2014 ஆகஸ்டில் இரு தரப்பும் விலகின. காப்புரிமை அப்படியே உயிரோடு இருந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சி கடைசி வரை கோர்ட்டில் நின்றது. அடுத்த மாதமே ஜூரி அதற்கு எதிராக 13 லட்சம் டாலர் தீர்ப்புச் சொன்னது. எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு பொதுமக்களிடம் 30,000 டாலர் கேட்டது. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அதை வைத்து வாரியத்துக்குப் போனது. சி.என்.என். இணையத்தில் வெளியிட்ட செய்தித் தொகுப்பையும், கனடா வானொலியின் ஓர் அறிவியல் நிகழ்ச்சி இணையத்தில் வந்ததையும் எடுத்துக் காட்டியது. 2015 ஏப்ரலில் வாரியம் அந்த உரிமைக்கோரல்கள் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் வரை போயும் அது மாறவில்லை. மூவரில் குறைவாகச் செலவழித்தவர் மற்ற எல்லோரையும் சேர்த்துக் காப்பாற்றினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அலுவலகக் கட்டணமே 40,000 டாலருக்கு மேல். வக்கீல், நிபுணர் எல்லாம் சேர்த்தால் சில லட்சம் ஆகும். வழக்கின் சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால் கதவு மூடிவிடும். தோற்றுவிட்டால், அங்கே எழுப்பியிருக்கக்கூடிய அதே வாதத்தைக் கோர்ட்டில் மறுபடி எழுப்ப முடியாது. இன்னொன்று, 2025-இலிருந்து காற்று மாறியிருக்கிறது. மனுவின் தகுதியைப் பார்க்காமலேயே, "கோர்ட்டில் வழக்கு நடக்கிறதே" என்பது போன்ற காரணங்களுக்காக மறுக்கும் போக்கு அலுவலகத்தில் வெகுவாகக் கூடிவிட்டது. சிறியவர்களுக்கு இருந்த நல்ல வாசல் ஒன்று குறுகுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இதை மட்டுமே நம்பி இறங்காதீர்கள்.

இதைவிட மலிவாக ஒருதரப்பு மறுஆய்வு என்று பழைய நடைமுறை ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கட்டணம் குறைவு, உங்கள் பெயர் வெளியே வராமல் வக்கீல் வழியாகவும் கேட்கலாம். மனுப் போட்ட பிறகு நீங்கள் வாதாட முடியாது என்பதுதான் குறை. ஆதாரம் கண்ணில் அறைகிற மாதிரி இருந்தால் இதுவே போதும்.

கதவைத் திறந்துவைத்துச் சண்டை போடுவது

சமரச ஒப்பந்தங்களில் ரகசியப் பிரிவு இருப்பது வழக்கம். பணம் வாங்கும் ட்ரோல் வெளிச்சத்தை விரும்புவதில்லை. அதனால் வெளிச்சமே ஒரு ஆயுதம். மேலே சொன்ன பிளாக்பேர்ட் வழக்கில் கிளவுட்ஃப்ளேர் அதைத்தான் செய்தது. ஜெங்கோ என்ற பெயரில் 50,000 டாலர் பரிசு அறிவித்து, அந்தக் காப்புரிமைக்கு மட்டுமின்றி பிளாக்பேர்ட் கையிலிருந்த எல்லாக் காப்புரிமைகளுக்கும் எதிராக முன்பே இருந்ததற்கான ஆதாரங்களை அனுப்பச் சொன்னது. 2018 பிப்ரவரியில் வழக்குத் தள்ளுபடியானது. 2021-இல் சேபிள் நெட்வொர்க்ஸ் என்ற வேறொரு நிறுவனம் வந்தது. 2024-இல் டெக்சாஸ் வாக்கோ ஊரின் ஜூரி, மீறவும் இல்லை, உரிமைக்கோரலும் செல்லாது என்றது. முடிவில் சேபிள் 2,25,000 டாலர் கொடுத்ததோடு, தன் காப்புரிமைகள் அனைத்தையும் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தது. ட்ரோல் பணம் கட்டிய அபூர்வ நிகழ்ச்சி இது.

கிளவுட்ஃப்ளேரின் பலம் நமக்கு இல்லை என்பீர்கள். லினக்ஸுக்கு இலவச மென்பொருள் உருவாக்கும் க்னோம் அறக்கட்டளைக்கும் இல்லை. லினக்ஸில் படங்களை ஒழுங்குபடுத்தும் ஷாட்வெல் என்ற இலவச மென்பொருளுக்காக 2019-இல் அதன் மீது ரோத்ஸ்சைல்ட் பேட்டன்ட் இமேஜிங் வழக்குப் போட்டது. ஐந்து இலக்கத்தில் பெரிய தொகை கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னது. க்னோம் மறுத்து, விஷயத்தைப் பொதுவில் வைத்து நிதி திரட்டியது. ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் கட்டணமின்றி வாதாட வந்தது. 2020 மே மாதம் ரோத்ஸ்சைல்ட் பின்வாங்கியது. அங்கீகரிக்கப்பட்ட திறமூல உரிமத்தில் வரும் எந்த மென்பொருள் மீதும் தன் காப்புரிமைகளை வைத்து வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது. பிறகு வேறொரு வழக்கறிஞர் ஒருதரப்பு மறுஆய்வு கேட்டதில் அந்தக் காப்புரிமையே 2022-இல் ரத்தானது.

என் தேர்வு இப்படி. நோட்டீஸ் வந்ததும் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பழைய கையேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் தளங்கள் ஆகியவற்றில் ஆதாரம் தேடச் சில ஆயிரம் டாலர் செலவிடுவேன். கிடைத்ததை வைத்து, அமெரிக்க வக்கீல் ஒருவரின் பெயரில் கறாரான பதில். அதில் மூன்று விஷயம் இருக்கும்: இது முன்பே இருந்தது என்ற ஆதாரம், வழக்குப் போட்டால் மறுஆய்வு கேட்போம், எங்கள் ஆதாரத்தைப் பொதுவில் வெளியிடுவோம் என்ற அறிவிப்பு, ஆதாரமற்ற வழக்கு என்று தெரிந்தும் போட்டால் எங்கள் வக்கீல் செலவைக் கேட்போம் என்ற வரி. வக்கீல் செலவைத் தோற்றவரிடம் வாங்குவதை எளிதாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆக்டேன் ஃபிட்னஸ் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கடைசி வரிக்குப் பல் உண்டு. ஐம்பது பேரிடம் வசூலிக்கும் கம்பெனிக்கு ஒரு காப்புரிமை உடைந்தால் ஐம்பது வசூலும் போகும். உங்கள் ஒருவருக்காக அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள். அதன் பிறகும் வழக்கு வந்து, கேட்பது சின்னத் தொகையாக இறங்கியிருந்தால், அப்போது கட்டுவதில் தப்பில்லை.

இங்கே இந்தியச் சட்டம் ஒரு படி மேல். நம் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி, ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். பஜாஜோடு எஞ்சின் தகராறு வந்தபோது டி.வி.எஸ். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதைத்தான் பயன்படுத்தியது. ஆனாலும் நாமும் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. மதுரையைச் சேர்ந்த ஒருவர் இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இந்தியக் காப்புரிமை வாங்கி, 2009-இல் அதைச் சுங்கத்துறையில் பதிந்தார். இறக்குமதியான போன்கள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்தப்பட்டன. அந்தக் காப்புரிமை 2012-இல் ரத்தானது. சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையை நீக்க 2018 வரை ஆனது.

நீங்களும் காப்புரிமை சேர்ப்பதா?

முதலீட்டாளர்கள் சொல்லும் யோசனை இது. "நம்ம கையிலும் நாலு பேட்டன்ட் இருந்தா எவனும் வரமாட்டான்." பெரிய தயாரிப்பாளர்களுக்கு இடையே இது ஓரளவு உண்மை, நீ என் மீது போட்டால் நான் உன் மீது போடுவேன். கூகுள் 2011-இல் 1,250 கோடி டாலருக்கு மோட்டரோலா மொபிலிட்டியை வாங்க முடிவெடுத்ததில் பெரும்பங்கு இதற்காகத்தான். 2014-இல் போன் வியாபாரத்தை 291 கோடிக்கு லெனோவோவுக்கு விற்றபோதும் பெரும்பாலான காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆனால் எதையும் தயாரிக்காதவர் எதை மீறுவார்? ட்ரோலுக்கு எதிராக உங்கள் காப்புரிமை ஒரு பைசாவுக்குப் பயன்படாது. அதை நம்பி அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அதைவிட மலிவான ஒன்று லாட் நெட்வொர்க். கூகுள், கேனன், டிராப்பாக்ஸ், எஸ்.ஏ.பி., நியூஎக் போன்றவை சேர்ந்து 2014-இல் ஆரம்பித்தது. உறுப்பினர் ஒருவரின் காப்புரிமை எப்போதாவது ஒரு ட்ரோல் கைக்குப் போனால், அந்த நிமிடமே மற்ற எல்லா உறுப்பினர்களுக்கும் அதற்கான லைசென்ஸ் தானாக வந்துவிடும். ஆண்டு வருமானம் 2.5 கோடி டாலருக்குக் கீழே இருக்கும் நிறுவனங்களுக்குக் கட்டணம் கிடையாது. காப்புரிமையே இல்லாதவரும் சேரலாம். உறுப்பினரல்லாதவரிடமிருந்து ட்ரோல் வாங்கியதற்கு இது உதவாது. போட்டியாளர் போடும் வழக்கையும் தடுக்காது. நோட்டீஸ் வந்த பிறகு சேர்ந்து பயனில்லை, முன்பே சேர வேண்டும். லினக்ஸ் சார்ந்து தொழில் செய்பவர்கள், லினக்ஸ் விஷயத்தில் ஒருவர் மீது ஒருவர் காப்புரிமையைப் பாய்ச்சுவதில்லை என்று உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கிலும் சேர்ந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே காப்புரிமை வைத்திருப்பவர்கள் லாட் நெட்வொர்க்கில் சேர வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிளவுட்ஃப்ளேர் மீது பாய்ந்த சேபிளின் காப்புரிமைகள் காஸ்பியன் நெட்வொர்க்ஸ் என்ற ரவுட்டர் நிறுவனத்தில் பிறந்தவை. அதைத் தொடங்கியவர், இணையத்தின் மூதாதையான அர்பாநெட்டை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான லாரன்ஸ் ராபர்ட்ஸ். கம்பெனி மூடியது, காப்புரிமைகள் கை மாறின. உங்கள் நிறுவனம் நாளை மூடப்பட்டால் நாற்காலி, சர்வரோடு காப்புரிமையையும் கலைப்பாளர் அதிக விலை கொடுப்பவருக்கு விற்பார். அப்போது உங்கள் பேச்சு அங்கே எடுபடாது. கம்பெனி நன்றாக நடக்கும்போதே லாட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அந்தப் பொறுப்பு காப்புரிமையோடு ஒட்டிக்கொண்டே போகும், யார் வாங்கினாலும். முதலீட்டாளர் தயங்கினால் அவருக்குக் காட்ட வேண்டிய விவரம் ஒன்றுதான்: போட்டியாளர் மீது வழக்குப் போடவோ, காப்புரிமையை விற்கவோ, லைசென்ஸ் கொடுக்கவோ உள்ள உரிமை அப்படியே இருக்கிறது. அடுத்த போர்டு மீட்டிங்கிலேயே இதை அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள்.